மிச்சம்பிடித்த சூடு

என் பெயர் சாகின். நாரின் என்ற மலையூரில், பனிச்சரிவு கணிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "கணினிக்கு நிரல் எழுதுகிறேன். அது குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி பார்த்துக்கொள்கிறேன்" என்பேன். முதல் பாதிக்கு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். இரண்டாம் பாதியைக் கேட்டதும் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடும். என் மனைவியின் அண்ணன் ஜமீருக்கு மட்டும் இரக்கமெல்லாம் கிடையாது. அவர் நிலக்கரி லாரி ஓட்டுபவர்.

"மின்சாரம் மிச்சமாகணும்னா சுவிட்சை அணைச்சிரு மாப்ள. இதுக்குப் போயி பட்டணத்துல அத்தனை வருசம் படிச்சியா?" என்பார். அதுவும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உறவுக்கூட்டம் முழுதாகக் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான்.

பட்டணத்தில் படித்தது உண்மை. படிப்பு முடிந்ததும் தலைநகர் பிஷ்கெக்கில் கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். திரையில் பறக்கும் டிராகனின் வாயிலிருந்து வரும் நெருப்பு, நெருப்பு மாதிரியே தெரிய வேண்டும். அது என் பொறுப்பு. அந்த நெருப்பை வரையும் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு மின்சாரம் குடித்தாலும் கேட்பார் கிடையாது. நெருப்பு நன்றாக வந்தால் போதும். பிறகு என் மனைவி நசிபாவுக்கு நாரின் மருத்துவமனையில் மருத்துவர் வேலை கிடைத்தது. அவளுடைய புத்தகப் பெட்டிகள், கம்பளிகள், தொட்டிச் செடிகள் எல்லாம் லாரியில் ஏறின. அவற்றோடு நானும் ஏறினேன்.

கணிப்பு நிலையத்தின் தலைவர் கெரிம்பெக் அசானொவிச். வாழ்நாளில் பாதியைப் பனிக்குள் கழித்தவர். என்னைப் பார்த்ததும் மூலையில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டினார். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் உதவியாக அனுப்பிய கிராபிக்ஸ் கார்டுகள்.

"இதெல்லாம் ஓட்டத் தெரியுமா?"

"டிராகன் நெருப்புக்கு ஓட்டியிருக்கேன்."

"இங்க பனிக்கு ஓட்டணும்."

"ரெண்டுமே மேலயிருந்து கீழ வர்றதுதானே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேறு யாரும் விண்ணப்பிக்காததால் வேலை எனக்குக் கிடைத்தது.

கணவாய்ச் சாலைக்கு மேலே இருக்கும் மலைச்சரிவுகளைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுரத்திலும் எவ்வளவு பனி விழுந்தது, காற்று எவ்வளவை அள்ளிப்போனது, அடியில் எந்த அடுக்கு இளகியிருக்கிறது, பக்கத்துச் சதுரம் எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்குப் போட வேண்டும். சாதாரணக் கணினியின் செயலி, குடும்பத்தில் எல்லா விவரமும் தெரிந்த ஒரு பெரியப்பா மாதிரி. எதைக் கொடுத்தாலும் செய்துவிடுவார். ஆனால் ஒற்றை ஆள். கிராபிக்ஸ் கார்டு என்பது கல்யாண வீட்டுக் கூட்டம். உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிச் செயலிகள். தனித்தனியாக எதற்கும் பெரிய சாமர்த்தியம் இல்லை. ஆனால் கேரட் நறுக்கச் சொன்னால் எல்லாமே ஒரே சமயத்தில் நறுக்கும். மலை முழுக்கச் சதுரங்கள். நறுக்க ஆள் நிறைய. பொருத்தமான வேலைதான்.

தொல்லை எங்கே என்றால், அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போட வேண்டும். குளிர்காலத்தில் அணைகளில் தண்ணீர் இறங்கிவிடும். கட்டடத்துக்கு இவ்வளவுதான் என்று மின்சாரத்தை அளந்து விடுவார்கள். அதைத் தாண்டினால் வாசலில் இருக்கும் பெட்டி 'டப்' என்று தன்னை அணைத்துக்கொள்ளும். எங்கள் கட்டடத்தில் நாங்கள் மட்டும் இல்லை. கார்டுகள் இருந்த அறைக்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையற்கூடம். பள்ளிச் சீருடை தைப்பார்கள். அதை நடத்தியவர் புருல். ஊரில் சின்னவர், பெரியவர் எல்லாருமே அவரை அக்கா முறை வைத்து 'எஜெ' என்றுதான் கூப்பிடுவார்கள், கெரிம்பெக் அசானொவிச்சும்தான்.

காலையில் சாலையின் தடுப்புக்கட்டையைத் தூக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். ஆகவே காலையில் கணக்கு ஓடும். அதே நேரத்தில் புருல் எஜெயின் பெண்கள் வந்து இஸ்திரிப் பெட்டிகளைப் போடுவார்கள். 'டப்.' கட்டடம் இருண்டுவிடும். அடுத்த நிமிடம் கழுத்தில் கத்தரிக்கோல் தொங்க புருல் எஜெ எங்கள் கதவில் நிற்பார்.

"தம்பி, உன் பனி விழுமா விழாதான்னு எனக்குத் தெரியாது. என் இஸ்திரி அணைஞ்சு போச்சு."

"எஜெ, என் கணக்கும்தான் பாதியில நின்னு போச்சு. கொஞ்சம் பொறுத்து இஸ்திரியப் போட்டிருக்கலாமே?"

"சட்டைய சுருக்கத்தோட மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகச் சொல்லட்டுமா? ஏன்டா உங்க அம்மா உன்ன அப்படித்தான் அனுப்பினாங்களா?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அனுப்பியிருப்பாங்க போலருக்கு" என்றார். பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள எங்க பங்கைப் பாதியாக்கிக் காட்டறேன் எஜெ" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் சவால் விடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

முதலில், கார்டுகளின் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். மெதுவாக ஓடினால் குறைவாகக் குடிக்கும் என்பது என் எண்ணம். குறைவாகத்தான் குடித்தன, ஆனால் முடிக்கவே இல்லை. தடுப்புக்கட்டைக்காரர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார், லாரிகள் வரிசை கட்டி நின்றன, கணக்கு பாதி மலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் முன்பைவிட மொத்த மின்சாரம் அதிகம். கார்டு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், விழித்திருக்கும் நேரத்துக்கெல்லாம் அது ஒரு தீனி தின்னும். ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டால் செலவு குறையும் என்று நினைத்து, பந்தியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்தவன் கதைதான் என் கதை. அடுத்து நேர்மாறாக, முழு வேகத்தில் விட்டுச் சீக்கிரம் முடித்து அணைத்துவிடலாம் என்று பார்த்தேன். 'டப்.' புருல் எஜெ. கத்தரிக்கோல்.

வழி கிடைத்தது என் அறிவால் இல்லை. ஒரு நாள் கார்டுகளின் வேகத்தை எழுதி வைக்கும்போது, பாதி கார்டுகளுக்கு ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். அவை மற்றவற்றைவிட நன்றாகவே மெதுவாக ஓடின. ஆனால் எல்லாக் கார்டுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வேலையை முடித்தன. முதலில் அளவெடுக்கும் நிரல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பிரித்து மேய்ந்தேன். அது நன்றாக இருந்தது. கெட்டிருந்தது என் புரிதல். எங்கள் கணக்கில் கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான். எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதும் திருப்பி வைப்பதும்தான் பெரும்பாடு. குட்டிச் செயலிகள் எல்லாம் எண் வரட்டும் என்று காத்திருந்தன. காத்திருக்கும்போதும் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தன. தடுப்புக்கட்டையில் நிற்கும் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் மிதித்துக்கொண்டே நிற்பது மாதிரி. நினைவகத்தின் வேகத்தை விட்டுவிட்டுச் செயலிகளின் வேகத்தை மட்டும் குறைத்தால், வேலை கெடாது; தீனி மட்டும் குறையும்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஜமீர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சும்மா நிக்கும்போது எஞ்சினைக் குறைக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மச்சான்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, அணைச்சிருன்னு?"

நசிபா, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆறுதலுக்கு அவள் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் அதுதான்.

ருசி கண்டுவிட்டேன். அடுத்ததாக எண்களின் நீளத்தில் கை வைத்தேன். பனியின் ஆழத்தைப் புள்ளிக்குப் பின்னால் நீளமான வால் வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் மலையில் அதை அளப்பது எப்படி? ஒரு கம்பைக் குத்திப் பார்த்து, விரலால் தடவி, ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதற்கு எதற்கு இத்தனை நீளம்? வாலைப் பாதியாக நறுக்கினேன். எண் சின்னதானால் சுமக்கிற பாரம் குறையும், மின்சாரமும் குறையும். போன வருடத்து நாட்களை வைத்துச் சரிபார்த்தேன். ஆபத்தான சரிவுகளைச் சிவப்பாகக் காட்டும் வரைபடம் பழையபடியே வந்தது. பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களை நினைவகத்திலும் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இறங்கி, எங்கள் அறையின் மின்சாரம் சொன்னபடி பாதியானது. அதற்கும் கீழே போனது. 'டப்' நின்றது. ஊரில் என் நடையே மாறிவிட்டது என்று நசிபா சொன்னாள். "நெஞ்சை உள்ள இழு, கோட்டுப் பொத்தான் தெறிச்சிரும்" என்றும் சொன்னாள்.

செய்தி பட்டணம் வரை போனது. ஓர் ஆய்வுக் குழு வந்தது. குழுவின் தலைவி தமாரா துர்சுனொவ்னா, குட்டை முடி, கனமான காலணி, எதற்கும் ஆச்சரியப்படாத முகம். நான் சுவரில் படம் காட்டிப் பேசினேன். மலையிறக்கம் போல அழகாக இறங்கும் கோடு. "இது மூணு மாசம் முன்னாடி. இது இன்னிக்கு..." என்று விரலைக் கோட்டின் அடிவாரத்துக்குக் கொண்டுபோன அந்தக் கணத்தில் —

'டப்.'

இருட்டு. படமும் போயிற்று, கோடும் போயிற்று. கெரிம்பெக் அசானொவிச் தொண்டையைச் செருமினார். கதவு திறந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் புருல் எஜெ நின்றார். இந்தத் தடவை கையுறை போட்டிருந்தார், கழுத்துக்கு மேல் சால்வை.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"எஜெ, நான் ஒண்ணும் பண்ணலையே! எங்க கார்டுகள் பாதிதான் இழுக்குது. விருந்தாளிங்க வந்திருக்காங்க..."

"அதாண்டா கேக்குறேன், ஏன் பாதிதான் இழுக்குதுன்னு! முன்னெல்லாம் அந்தச் சுவரு அடுப்பு மாதிரி இருக்கும். மேசையெல்லாம் அதை ஒட்டித்தான் போட்டிருக்கோம். மாவுகூட அங்கதான் பொங்க வைப்போம். ஒரு மாசமா சுவரு பொணம் மாதிரி சில்லுனு கிடக்கு. ஊசிக்காதுல நூல் கோக்க முடியல, விரல் விறைக்குது. ரெண்டு ஹீட்டர் வாங்கிப் போட்டோம். இன்னிக்கு மூணாவது போட்டோம், அணைஞ்சு போச்சு!"

தமாரா துர்சுனொவ்னா எழுந்துபோய் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"உங்க கார்டுகளோட சூட்டை எங்க விடறீங்க?"

"ஃபேன் வச்சு... ஜன்னல் வழியா" என்றேன்.

"வெளிய?"

"வெளிய."

"தெருவுக்கு."

"தெருவுக்குத்தான்" என்றேன். வேறெங்கே என்று எனக்கே தெரியவில்லை.

"இந்தக் கட்டடத்துக்கு மொத்தமா ஒரே மீட்டர்தானே? அதுல எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

போய்ப் பார்த்தோம். குறையவில்லை. ஹீட்டர்களின் புண்ணியத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. அவ்வளவு பெரிய மலையிறக்கக் கோட்டை வரைந்தவன், வாசலில் இருந்த மீட்டரை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. தமாரா துர்சுனொவ்னா திட்டவில்லை. "அடுத்த தடவை வரும்போது இந்த மீட்டர்ல இருந்து ஆரம்பிங்க" என்று மட்டும் சொல்லி வண்டியேறினார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் நானும் கெரிம்பெக் அசானொவிச்சும் சுத்தியலோடு சுவரை உடைத்தோம். கூரைக்குக் கீழே ஓர் ஓட்டை, அதில் அடுப்புக் குழாய், குழாயில் ஃபேன். தெருப்பக்க ஜன்னலைக் கம்பளியால் அடைத்தோம். இனி கார்டுகளின் சூடு முழுவதும் தையற்கூடத்துக்கு. முன்பு இருந்ததில் பாதிச் சூடுதான், ஆனால் தெருவுக்குப் பங்கு கிடையாது. ஃபேனை மாட்டியது நான். திருப்பி மாட்டிவிட்டேன். அது தையற்கூடத்துக் காற்றை உறிஞ்சி எங்கள் அறைக்குள் கொட்டியது. மதியத்துக்குள் கார்டுகள் எல்லாம் நீலப் பஞ்சு முளைத்து, சீருடை போட்ட மாதிரி நின்றன. புருல் எஜெ எட்டிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து, மெல்லிய துணியில் ஒரு பை தைத்து, குழாயின் வாயில் அவரே கட்டிவிட்டார். ஃபேனைச் சரியாகத் திருப்பினேன். சாயங்காலம் சுவரோரம் மாவு பொங்கியது. மூன்று ஹீட்டர்களில் இரண்டை அவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீட்டர் அப்போதுதான் நிஜமாகவே இறங்கத் தொடங்கியது. தினமும் போய்ப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களே.

பிப்ரவரியில் புயல் வந்தது. காற்று கம்பிகளை அறுத்துவிட்டது. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. கெரிம்பெக் அசானொவிச் கொட்டகையிலிருந்து ஒரு சின்ன ஜெனரேட்டரை இழுத்துவந்தார். ஆட்டு மந்தைக்குப் போகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவுதான் அது. பழைய மாதிரி கார்டுகள் ஓடியிருந்தால் ஒரு முறை இருமிவிட்டுப் படுத்திருக்கும். இப்போது தாங்கியது. தையல் பெண்களுக்கு அன்று வேலை இல்லை. ஆனால் வீடுகளிலும் குளிர்தான். கார்டுகள் ஓடுவது தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து குழாய்க்குக் கீழே கூட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். ஓட்டை வழியாக அவர்களுடைய பேச்சு எங்களுக்குக் கேட்டது. பெரும்பாலும் என் ஃபேனைப் பற்றி.

கணக்கு முடிந்தது. கணவாயில் சாலைக்கு மேலே இரண்டு பெரிய சரிவுகள் உண்டு. லாரிக்காரர்கள் ஒன்றுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள், மற்றதற்கு மருமகள். மாமியார் வருடத்துக்கு ஒரு முறையாவது உறுமித் தள்ளும். மருமகள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வரைபடத்தில் மாமியார் ரத்தச் சிவப்பு. மருமகள் பச்சைப் பசேல். சாலையை மூடச் சொன்னோம்.

வானம் காலையிலேயே வெளுத்துவிட்டது. அதுதான் கொடுமை. பளீரென்று வெயில், மூடிய சாலை, தடுப்பில் லாரிகள். ஜமீரிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்குப் பின்னால் பத்துப் பேர் பேசுவது கேட்டது.

"மாப்ள, மாமியா தூங்குறா. ஒரு தும்மல்கூட இல்ல. ஊர்ல அடுப்புக்கு நிலக்கரி இல்லாம சனம் கிடக்குது. உன் டிராகன் என்னத்தைக் கண்டுச்சு?"

"மேல பாரம் அதிகம் மச்சான். கணக்கு சொல்லுது."

"இங்க உன்னை என்னென்ன சொல்றாங்கன்னு கேக்குறியா? ஃபோனைத் திருப்பிக் காட்டவா?"

"வேண்டாம் மச்சான்."

திருப்பிக் காட்டினார். என் தாய்மொழியில் இவ்வளவு வளம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மதியம் கெரிம்பெக் அசானொவிச் என்னைப் பார்த்தார். "என்ன சொல்ற? திறக்கச் சொல்லவா?" மறுபடியும் கணக்கை ஓட்டினேன். மாமியார் சிவப்பிலேயே நின்றாள். எண்களின் வாலை வெட்டியதில் எங்கேயோ பிசகி, சும்மா கிடக்கிற மலையைச் சிவப்பாக்கிவிட்டேனோ? ஊரே அடுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்னால்தானோ? "மூடியே இருக்கட்டும்" என்றேன். அது துணிச்சல் இல்லை; மாற்றிச் சொல்லும் துணிச்சல் இல்லாததால் சொன்னதையே சொன்னேன்.

வெயில் சாயும் நேரம் ஜமீரின் எண் மறுபடியும் ஒலித்தது. திட்டு வாங்கக் காதைத் தயாராக்கிக்கொண்டு எடுத்தேன்.

"மாப்ள. மருமக இறங்கிட்டா."

"யாரு?"

"மருமகடா! மொத்தமா இறங்கிட்டா. வளைவையே காணோம். சாலை எங்க இருக்குன்னு தெரியல. தடுப்பைத் தூக்கியிருந்தா நாங்க பூரா பேரும் அந்த வளைவுலதான் போயிட்டிருந்திருப்போம்." பிறகு, "நீ நல்லா இரு மாப்ள" என்றார். அவர் அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த அறையில் பெண்கள் கூவினார்கள்; கெரிம்பெக் அசானொவிச் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் பச்சை. துளி மஞ்சள்கூட இல்லாத பச்சை. மாமியாரைச் சொல்லி மூடினோம், அவள் அசையவில்லை. அவள் சிவந்திராவிட்டால் காலையிலேயே தடுப்பைத் தூக்கச் சொல்லியிருப்பேன். கைகள் சில்லிட்டுப்போயின. எழுந்துபோய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. மாமியார் மேல் பனி மொத்தமாக விழுந்தது. மருமகள் மேல் விழுந்தது பொடிப்பொடியாக, காற்று ஊதி ஊதிச் சேர்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் சேரும் அளவு மிகமிகச் சின்னது. ஏற்கெனவே ஆளுயரத்துக்கு இருக்கும் பனியோடு அந்தத் துளியைக் கூட்டும்போது, நான் வால் நறுக்கிய எண்ணில் அதற்கு இடமில்லை; இல்லை என்றே ஆகிவிட்டது. அடுத்த சுற்றிலும் அப்படித்தான். அடுத்ததிலும். மலையில் பனி ஏறிக்கொண்டே இருந்தது, என் கணக்கில் அது ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. நான் சரிபார்த்த போன வருடத்தில் அப்படிப்பட்ட காற்றே அடிக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப்போய்ப் பனியையும் மிச்சம் பிடித்திருந்தேன்.

இதற்கிடையில் ஜமீர் ஆடு அறுத்தார். லாரிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னை விரிப்பின் தலைமாட்டில் உட்காரவைத்து, முதல் விருந்தாளிக்கு மட்டும் தரும் ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார்கள். ஜமீர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க மாப்ளைய நான் நிறைய கேலி பண்ணியிருக்கேன். ஆனா இவன் மலையோட மனசைப் படிக்கிறவன். மாமியா உறுமுறான்னு சொல்லி, மருமக கிட்டயிருந்து நம்மளக் காப்பாத்திட்டான்!"

எல்லாரும் முழங்கினார்கள். தாங்க முடியவில்லை. எழுந்தேன்.

"கேளுங்க. நான் மருமகளைப் பச்சைன்னு சொன்னேன். தப்பாச் சொன்னேன். சின்ன எண்ணைப் பெரிய எண்ணோட கூட்டும்போது, எண்ணோட வால் பத்தாம..."

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஒரு தாடிக்காரர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். "எவ்வளவு அடக்கம்!"

"அடக்கம் இல்ல! நெசமாவே தப்பு! வேற காரணத்துக்கு மூடினோம், அதிர்ஷ்டத்துல..."

"அதிர்ஷ்டமாம்!" என்று ஜமீர் கண் கலங்கினார். "படிச்சவன் படிச்சவன்தான்யா. இன்னொரு ஆளா இருந்தா மார் தட்டியிருப்பான்."

நான் மார் தட்டித் திரிந்த மாதங்களை அவர் எப்படி மறந்தார் என்று தெரியவில்லை. நசிபா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "விடு. இன்னிக்கு அவங்களுக்கு உயிரோட இருக்கிற சந்தோசம். உன் கணக்கை ஆபீஸ்ல போய்ச் சரி பண்ணு" என்று காதருகே சொன்னாள். ஆட்டுத்தலையின் காதை அறுத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தேன். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீஸில் சரி செய்தேன். எல்லா எண்களுக்கும் வாலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பனி சேர்ந்துகொண்டே போகும் அந்த ஒரு கூட்டலுக்கு மட்டும் முழு நீளம், மற்றதெல்லாம் குட்டையாகவே. புயல் நாளின் அளவுகளைப் போட்டு மறுபடி ஓட்டினேன். மருமகள் மெல்ல மெல்ல மஞ்சளாகி, ஆரஞ்சாகி, மாமியாரைவிடச் சிவந்தாள். கெரிம்பெக் அசானொவிச் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"பட்டணத்துக்குச் சொல்லணும்" என்றார். "அங்க அவங்க உன் முறையை மத்த நிலையங்களுக்கும் அனுப்பப்போறதா பேச்சு. ஆட்டுத்தலை வாங்கினவன் சொல்றது கஷ்டம்தான். நான் பேசட்டுமா?"

"நானே பேசறேன்" என்றேன்.

தமாரா துர்சுனொவ்னாவை அழைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பச்சை, வால், காற்று, எல்லாம். முடித்ததும், மற்ற நிலையங்களுக்குப் போகவிருந்ததை நிறுத்திவைத்துத் திருத்தியதை அனுப்புவதாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"திருத்தினதுல மின்சாரம் எவ்வளவு கூடுச்சு?"

"ரொம்ப இல்ல. காலையில ஒரு கெட்டில் தண்ணி கொதிக்க வைக்கிற அளவு."

"மீட்டர்ல பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் பேசறேன்."

"அப்ப ஒரு கெட்டில் டீயைக் குறைச்சுக்கோங்க" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. தொலைபேசியில் அந்த முகம் எப்படித் தெரியும்? கெரிம்பெக் அசானொவிச்சிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டீயைக் குறைப்பதானால் யாருடைய டீயை என்று கேட்டார்.